அக்னி நட்சத்திரத்தில் ஒரு சாக்லேட் நட் பை

என் நாத்தனார் குடும்பம் 9 ஆண்டுகள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு ஏப்ரலில் சென்னைக்கே திரும்பி வந்துவிட்டது. வீடு கிடைக்கும்வரை எங்களோடுதான் இருந்தார்கள். அவளுடைய மகனுக்கு 10 வயது. ஊர், பள்ளி, நண்பர்கள் என எல்லாம் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போன பிள்ளை. எதையும் கேட்கமாட்டான். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நெருங்கியபோதுதான் வாய் திறந்தான். "அத்தை, இந்தச் சனிக்கிழமை அங்கே எல்லார் வீட்டிலும் சாக்லேட் நட் பை இருக்கும்" என்றான். வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்குக் காரணம் உண்டு. லூயிவில்லின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் 1875 முதல் நடந்துவரும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் வழக்கமாக அன்றுதான் நடக்கும். ஊரெங்கும் விருந்து நடக்கும். அந்த விருந்தின் இனிப்பு, சாக்லேட்டும் அக்ரூட்டும் நிறைந்த ஒரு பை, அதாவது தட்டில் மாவை விரித்து, மேலே பூரணம் ஊற்றிச் சுடும் பண்டம். அருகிலுள்ள பிராஸ்பெக்ட் என்ற ஊரில் மெல்ரோஸ் இன் விடுதியை நடத்திவந்த கெர்ன் குடும்பத்தார் 1954-ல் உருவாக்கியது அது. வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்ல, எல்லாவற்றையும் எழுதித் தொப்பியில் போட்டு எடுத்ததில் வந்த பெயர் 'டெர்பி பை' என்பார்கள். இன்று அந்தப் பெயர் பதிவு பெற்ற வணிகக்குறி. செய்முறை அவர்களுடைய இரகசியம். அதனால் மற்றவர்கள் தங்கள் வீட்டில் செய்வதைப் பொதுவாகச் சாக்லேட் நட் பை என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

நாத்தனாரிடம், அங்கே பக்கத்து வீட்டுப் பாட்டி எழுதிக்கொடுத்த ஓர் அட்டை இருந்தது. எட்டே வரிகள். அதை நம்பி மே மாதத்தில் நான்கு முறை சுட்டேன். மூன்று முறை தவறியது, நான்காவது முறை வந்தது. எது ஏன் தவறியது என்று ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வைத்தேன். நம் ஊர் வெயிலில் இதைச் செய்யப் பார்த்துவிட்டு, தனக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த விவரங்கள்.

அட்டையில் இருந்தது

இந்தப் பை உண்மையிலேயே எளிமையானது. பீகன் என்ற கொட்டை போட்டுச் செய்யும் அமெரிக்காவின் புகழ்பெற்ற பீகன் பைக்கு வழக்கமாகச் சோளப்பாகு வேண்டும், இதற்கு அது தேவையில்லை. பூரணத்தில் மைதா சேர்வதால், பாதி பிஸ்கட், பாதி பை என்ற பதத்தில் நிற்கும். 9 அங்குலத் தட்டு ஒன்றுக்கு, அட்டையில் கப் கணக்கில் இருந்ததை நான் தராசில் நிறுத்துக் கிராமுக்கு மாற்றிக்கொண்டேன். பூரணத்துக்குச் சர்க்கரை 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 115, மைதா 60, முட்டை 2, சாக்லேட் 170, அக்ரூட் 115, வனிலா ஒரு தேக்கரண்டி. அடியில் விரிக்கும் கிரஸ்டுக்கு மைதா 160 கிராம், வெண்ணெய் 110, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 177 செல்சியஸில் 45 நிமிடம். கடைசி வரி: அறை வெப்பநிலையில் ஆறவிட்டுப் பிறகு வெட்டவும்.

அந்தக் கடைசி வரியை அப்போது நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை

பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினேன். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 36 காட்டியது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் வாரம். அதே வாரத்தில் லூயிவில்லில் வசந்தம். பகல் வெயிலே இருபதை ஒட்டித்தான் இருக்கும் என்று நாத்தனார் சொன்னாள்.

வெண்ணெயை மைதாவில் விரல்களால் உதிர்க்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே கை பளபளத்தது. உதிரி உதிரியாக இருக்க வேண்டிய மாவு, நெய்விட்டுப் பிசைந்த மாவுபோல ஒரே கட்டியாகத் திரண்டது. சப்பாத்திக்குப் பழகிய கை நன்றாக அழுத்தியும் பிசைந்துவிட்டது. மாமியார் வந்து ஒரு விள்ளல் எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்தார். "வெண்ணெய் இப்போதே கசிகிறதே அம்மா. சோமாசிக்கு மேல்மாவு பிசையும்போது நாங்கள் இந்த நேரத்தில் தொடவேமாட்டோம். விடியற்காலையில்தான்" என்றார். நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

அடுப்பிலிருந்து வந்தது இப்படி இருந்தது. கிரஸ்டின் ஓரம் தட்டின் சுவரிலிருந்து வழுக்கி, பூரணத்துக்குள்ளேயே மடிந்து விழுந்திருந்தது. சுற்றிலும் வெண்ணெய் குளம்போலத் தேங்கியிருந்தது. மேலே கறுத்துவிட்டது. அடியில், கண்ணாடித் தட்டின் வழியே பார்த்தால், வேகாத மாவின் வெளுத்த நிறம். நடுவில் கரண்டி வைத்தால் குழம்பு. பூரணத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் வேறு இருந்தன. கொதிக்கக் கொதிக்க உருக்கிய வெண்ணெயை நேராக முட்டையில் ஊற்றியதால், முட்டை அங்கங்கே வெந்து பொரியலாகியிருந்தது. பையன் ஒரு கரண்டி எடுத்தான், மென்றான், "நன்றாக இருக்கிறது அத்தை" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தான். அந்தக் கரண்டியை அவன் மறுபடி எடுக்கவில்லை.

இன்னொரு குறை சுவையில் இருந்தது. அக்ரூட்டில் ஒரு சிக்கு நாற்றம். எண்ணெய்ச் சத்து மிகுந்த பருப்பு அது. அந்த எண்ணெய் காற்றுக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் கெட்டுவிடக்கூடியது. காஷ்மீரிலிருந்து வந்து நம் கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், வாங்கும்போதே பாதி கெட்டிருக்கும். அன்றிலிருந்து கடையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசருக்குப் போய்விடும்.

இரண்டாம் முறை: மாவு மட்டும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாது. ஆகவே இரண்டாவது முறை கிரஸ்டை மட்டும் திருத்துவது என்று முடிவு செய்தேன்.

கிரஸ்ட் ஏன் அப்படி ஆனது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் புரியும். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கெட்டியான வெண்ணெய்த் துண்டுகள் மாவுக்குள் துண்டுகளாகவே இருந்தால், அடுப்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கிப் பிரிக்கும். பஃப் கடைகளில் பார்க்கும் மடிப்புகள் அப்படி வருபவைதான். வெண்ணெய் முன்பே உருகி மாவின் ஒவ்வொரு துகளிலும் ஊறிவிட்டால் தூக்குவதற்குத் துண்டே கிடையாது. கிடைப்பது எண்ணெய் கசியும் ஒரு பிஸ்கட்தான். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டியதும் கைவிட்டுப் போகும், 35-ஐ நெருங்கும்போது முழுவதும் உருகிவிடும். என் சமையலறையோ அதற்கும் மேலே இருந்தது. கையின் சூடு வேறு. இதோடு, பிசையப் பிசைய மைதாவில் இழுவை கூடும். இழுவை கூடிய மாவு சூட்டில் சுருங்கும். ஓரம் வழுக்கி விழுந்தது அதனால்தான்.

மாமியார் சொன்னபடி மறுவாரம் விடியற்காலை 5 மணிக்கு எழுந்தேன். வெப்பமானியில் 30. வெண்ணெயைச் சிறு சதுரங்களாக நறுக்கி முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். மைதாவையும் பிசையும் எவர்சில்வர் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் உள்ளே வைத்து எடுத்தேன். விரல் படாமல் இரண்டு கத்திகளைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி வெண்ணெயைக் கொண்டைக்கடலை அளவுக்குச் சிறிதாக்கினேன். ஐஸ் மிதக்கும் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, ஒன்றாகக் கூடும் அளவுக்கு மட்டும் அழுத்தினேன். பிசையவே இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெண்ணெய் மஞ்சள் மஞ்சளாகச் சலவைக்கல்லின் கோடுகள்போலத் தெரிந்தது. பார்த்ததும் மனம் நிறைந்தது.

ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் தேய்த்து, தட்டில் விரித்து, மறுபடி 20 நிமிடம் ஃப்ரீசர். பிறகு முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அது நிறையக் காய்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி, 200 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு இன்னும் 8 நிமிடம். பூரணம் ஊற்றுவதற்கு முன்பே கிரஸ்டை இப்படித் தனியாகப் பாதி வேகவைப்பது அட்டையில் இல்லை. பாட்டிக்கு அது எழுதத் தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கலாம். (அந்தக் கடலையை ஒரு டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். சமையலுக்கு இனி ஆகாது, ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் பைக்குப் பயன்படும்.)

ஓரம் நின்றது. ஏடு ஏடாகப் பிரிந்தது. பையன் ஓரத்தை மட்டும் உடைத்து உடைத்துத் தின்றான். ஆனால் அடிப்பக்கம் இன்னும் ஈரமாகவே இருந்தது. சாக்லேட் முழுவதும் பூரணத்தில் கரைந்து, கடிபடுவதற்கு ஒன்றும் இல்லாமல், எல்லாம் ஒரே பழுப்புக் களியாக இருந்தது. நாக்கில் மெழுகு பூசியதுபோல் ஒரு பிசுக்கு வேறு.

அடி ஈரத்துக்குக் காரணம் கண்ணாடித் தட்டும் அடுப்பும். கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பூரணம் ஊறி இறங்குவதற்குள் அடி வெந்துவிட வேண்டும், கண்ணாடியில் அந்த ஓட்டத்தில் பூரணம்தான் ஜெயிக்கிறது. அடுப்புக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். ஓ.டி.ஜி. என்ற என் சிறு மின் அடுப்பின் குமிழ் 180-ல் இருக்க, 10 நிமிடம் கழித்தும் உள்ளே 150-தான். 25 நிமிடம் ஆன பிறகுதான் நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. விளக்கு அணைந்தால் சூடாகிவிட்டது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

மெழுகுச் சுவைக்கு உறையைத் திருப்பிப் பார்த்ததும் விடை கிடைத்தது. நான் வாங்கியிருந்தது காம்பவுண்ட் சாக்லேட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. கேக்கின் மேல் ஊற்ற அது வசதி. ஆனால் சாக்லேட்டே உயிராக இருக்கும் ஒரு பைக்கு அதைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

மூன்றாம் முறை: எல்லாம் சரி, ஆனால்

இம்முறை அலுமினியத் தட்டு. அதைக் கீழ்த் தட்டில், அடிக்கம்பிக்குப் பக்கமாக வைத்தேன். பாதி வெந்த கிரஸ்டின் மேல் முட்டை வெள்ளையை மெலிதாகத் தடவி 2 நிமிடம் காயவிட்டேன். பூரணம் ஊறாமல் தடுக்கும் பூச்சு அது. 55 சதவீதம் கோகோ உள்ள சாக்லேட் கட்டியைக் கத்தியால் நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அக்ரூட்டை 170 டிகிரியில் 8 நிமிடம் வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை முடிந்தவரை உதிர்த்தேன். கசப்பு அந்தத் தோலில்தான் இருக்கிறது. உருக்கிய வெண்ணெயை விரல் பொறுக்கும் அளவுக்கு ஆறவைத்து முட்டையில் சேர்த்தேன். கென்டக்கியில் சிலர் பூரணத்தில் பூர்பன் மது சேர்ப்பார்கள். நான் காலை டிகாக்ஷனில் இரண்டு தேக்கரண்டி ஊற்றினேன். சாக்லேட்டின் கசப்புக்கு அது அருமையாகச் சேர்ந்தது. இதை இனி விடப்போவதில்லை.

ஒரே நாளில் இத்தனையை மாற்றியது ஆய்வு என்ற வகையில் சரியல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது, வாரமும் ஓடிக்கொண்டிருந்தது.

45-ஆவது நிமிடம் நடுவில் ஊசி வெப்பமானியைச் செருகினேன். 93 டிகிரி. முட்டை பிடித்துக்கொள்ளப் போதுமானதற்கும் அதிகம். மேலே மெல்லிய ஓடுபோல் விரிசல் விட்டு, ஓரம் பொன்னிறமாக, அடி கெட்டியாக வந்திருந்தது. காலை 10 மணிக்கு வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். அட்டை சொன்னபடி ஆறவிட்டேன். பிற்பகல் 2 மணிக்கு எல்லாரும் சுற்றி நிற்க, கத்தியை இறக்கினேன். முதல் துண்டைத் தூக்கியதும் அந்த இடத்தை நோக்கிப் பூரணம் மெல்லச் சரிந்து வந்தது. சாக்லேட் கோடாக வழிந்து தட்டில் தேங்கியது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் 93 டிகிரியை என் கண்ணால் பார்த்திருந்தேன். சரிந்ததைச் சுவைத்தால் பச்சை மாவின் வாடையே இல்லை. வெந்திருக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை. மீதியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பையன்தான் எழுப்பினான். "அத்தை, அது கெட்டியாகிவிட்டது!" அவனே ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தான். முக்கோணம் நேராக நின்றது. வெட்டிய முகத்தில் மேலே விரிசலோடு மெல்லிய ஓடு, நடுவில் அக்ரூட்டும் கரும்பழுப்புச் சாக்லேட் கட்டிகளும், அடியில் ஏடு ஏடான கிரஸ்ட் என்று எல்லாமே தனித்தனியாகத் தெரிந்தது.

அப்போதுதான் அட்டையின் கடைசி வரியை எடுத்துப் படித்தேன். அறை வெப்பநிலை. இந்தப் பூரணத்தை நிறுத்துவதில் முட்டைக்கும் மைதாவுக்கும் பாதிப் பங்குதான். மீதிப் பாதி கொழுப்பு கெட்டிப்படுவதில் இருக்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும். வாயில் வைத்ததும் சாக்லேட் கரைவது இதனால்தான். மறுபடி கெட்டிப்பட அது முப்பதுக்கும் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். பசு வெண்ணெயின் கதையும் அதுவே. லூயிவில்லில் மேசைமேல் வைத்த பை 20 டிகிரிக்கு ஆறும், தானாக இறுகும். என் மேசை அன்று 36-ல் இருந்தது. நான்கு மணி நேரமல்ல, நான்கு நாள் வைத்திருந்தாலும் அது இறுகியிருக்காது. பாட்டியின் அட்டையில் தவறே இல்லை. அவர் எழுதிய அறைக்கும் நான் நின்ற அறைக்கும் 16 டிகிரி வித்தியாசம்.

நான்காம் முறை

மே கடைசி வாரம். செய்முறையில் ஒரே ஒரு மாற்றம்தான். அடுப்பிலிருந்து எடுத்து, மேசையில் 2 மணி நேரம் ஆவி அடங்கவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் 3 மணி நேரம். சூடாக இருக்கும்போதே உள்ளே வைத்தால் ஆவி படிந்து கிரஸ்ட் நமத்துவிடும், அதனால்தான் அந்த 2 மணி நேரம். பரிமாற 10 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். நம் வெயிலுக்கு அரை மணி நேரம் அதிகம்.

அன்று அடுக்ககத்துப் பிள்ளைகள் நான்கு பேரை அவன் வீட்டுக்கு அழைத்திருந்தான். ஊர் திரும்பியபின் அவன் யாரையும் அழைத்தது அதுவே முதல் முறை. எட்டுத் துண்டுகளாக வெட்டினேன். எல்லாம் நின்றன. அவன் கையில் தட்டை வைத்துக்கொண்டு, சர்ச்சில் டவுன்ஸில் குதிரைகள் ஓடுவதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சில் பாதியை நின்று கேட்டுவிட்டுத்தான் சமையலறைக்குப் போனேன்.

மிச்சமான கிரஸ்ட் மாவில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் செய்து, அக்ரூட்டுக்குப் பதிலாகப் பண்ருட்டி முந்திரி போட்டும் பார்த்தேன். மாமியாருக்கு அதுதான் பிடித்தது. எனக்கு இனிப்பு திகட்டியது. அக்ரூட்டின் லேசான துவர்ப்பு சர்க்கரையை அடக்குகிறது, முந்திரியிடம் அது இல்லை. முந்திரி போடுவதானால் சர்க்கரையை 160 கிராமாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டுவது நல்லது.

ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி இருந்தது. என் கணக்கு சரியென்றால், குளிர்காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே இது இறுக வேண்டும். மார்கழி வரை காத்திருந்தேன். நாத்தனார் குடும்பம் அதற்குள் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துப் போயிருந்தது. பையன் பள்ளி விட்டு நேராக இங்கே வந்தான். அதே அளவு, அதே தட்டு, அதே அடுப்பு. முந்தின இரவே சுட்டு, மேசைமேல் மூடிவைத்திருந்தேன். காலையில் சமையலறை வெப்பமானி 25 காட்டியது, மாலையிலும் 27-ஐத் தாண்டவில்லை. கத்தியை அவன் கையிலேயே கொடுத்தேன். நடுவில் இறக்கி மேலே இழுத்தான். சாக்லேட் வழியவில்லை, அலகில் இரண்டு துணுக்கு அக்ரூட் மட்டும் ஒட்டியிருந்தது.